அணைத்த பின்னும் மினுங்கிய பல்பு

இரவு பத்தரை மணிக்கு மன்னார்குடியிலிருந்து அம்மா போன் செய்தாள். “ரேழியில போட்டுட்டுப் போனியே, அந்தப் புது பல்பு அணைச்சாலும் எரியுதுடா” என்றாள்.

அந்த வாரம்தான் வீட்டிலிருந்த குண்டு பல்பு, டியூப்லைட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டிவிட்டுச் சென்னைக்குத் திரும்பியிருந்தேன். முழு வெளிச்சமாக எரியவில்லையாம். மின்மினி மாதிரி ஒரு மங்கல், விடிய விடிய. பல்பில் ஏதோ கோளாறு, வேறொன்றை மாட்டிப் பார் என்றேன். மாட்டிப் பார்த்தாள். அதுவும் மினுங்கியது.

மறுநாள் காலையில் தெருக்கோடியில் இருக்கும் எலக்ட்ரீஷியன் வந்தார். சுவிட்சை அணைத்துவிட்டு, பல்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. “பெரியம்மா, சுவிட்ச நியூட்ரல்ல போட்டிருக்காங்க. பேஸ் நேரா ஹோல்டருக்கு வந்து நிக்குது. இத்தன நாளா இந்த ஹோல்டர்ல எப்பவும் கரண்ட் இருந்திருக்கு” என்று சொல்லியிருக்கிறார்.

மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி பேஸ். திரும்பிப் போகும் கம்பி நியூட்ரல். சுவிட்ச் துண்டிக்க வேண்டியது பேஸ் கம்பியை. மாற்றி இணைத்தாலும் சுவிட்சைப் போட்டால் பல்பு எரியும், அணைத்தால் அணையும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சுவருக்குள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் கம்பிகளுக்கிடையே கசிகிற துளி மின்சாரத்தால் குண்டு பல்பின் இழையைச் சூடாக்க முடியாது. எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும். நாற்பது வருடம் குண்டு பல்பு மறைத்து வைத்திருந்த தவறை எல்.இ.டி. ஒரே ராத்திரியில் காட்டிக்கொடுத்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் போன பிறகு அம்மா மறுபடி போன் செய்தாள். “சுவிட்ச அணைச்சாச்சுங்கற நம்பிக்கையிலதானே உங்கப்பா ஸ்டூல் மேல ஏறி ஏறி பல்பு மாத்துனார்” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. அப்பா இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

உங்கள் வீட்டிலும் அணைத்த பல்பு மினுங்கினால் பல்பை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். சுவிட்சிலேயே சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் இப்படி மினுங்குவதுண்டு. அது வயரிங் தவறில்லை. எது காரணம் என்பதை எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவார்.

வீடு முழுக்க விளக்கு மாற்றுவதை நானும் கடையில் போய்ப் பத்துப் பல்பு வாங்கி வரும் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். வயரிங்கையும், பகலிலேயே இருட்டாகக் கிடக்கும் மூலைகளையும், அம்மாவின் கண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய வேலை அது என்று பிறகுதான் புரிந்தது.

முதலில் மின்சாரக் கணக்கு. எங்கள் வீட்டில் நான்கு டியூப்லைட்கள் இருந்தன. டியூப் 40 வாட். அதோடு உள்ள செம்புக்கம்பி சோக் தன் பங்குக்கு 12 வாட்டாவது தின்னும். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 62 யூனிட். 60 வாட் குண்டு பல்பு மூன்று. அதில் ரேழி பல்பு பகலிலும் எரியும், பத்து மணி நேரத்துக்குக் குறையாது. கொல்லையிலும் குளியலறையிலும் தலா இரண்டு மணி நேரம். மூன்றும் சேர்ந்து 50 யூனிட். கடைசியில் ஜீரோ வாட்ஸ் பல்பு இரண்டு.

இந்த ஜீரோ வாட்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூஜ்ஜியம் என்று பெயர் வைத்தது அந்தக் காலத்துச் சக்கர மீட்டர். அவ்வளவு சின்ன செலவை அது சரியாகக் காட்டாது. உண்மையில் அந்த பல்பு 12 முதல் 15 வாட் வரை எடுக்கும். இரண்டு பல்பு இரவு முழுக்க எரிந்தால் இரண்டு மாதத்தில் 16 யூனிட். மின்சாரம் செலவாகாத விளக்கு என்று நம்பித்தான் எத்தனையோ வீடுகளில் சாமி மாடத்திலும் படுக்கையறையிலும் அதை அணைக்காமல் விட்டிருந்தோம். அந்த இடத்துக்கு இப்போது அரை வாட் எல்.இ.டி. போதும்.

எல்லாம் சேர்த்து 128 யூனிட். டியூப்லைட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. பேட்டன், குண்டு பல்புக்குப் பதில் 9 வாட், இரவு விளக்குக்கு அரை வாட் என்று மாற்றினால், அதே மணிக்கணக்கில் 32 யூனிட். மிச்சம் 96. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏறத்தாழ அதே அளவை விளக்குகளை மாற்றியே மிச்சம் பிடித்துவிடலாம். 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடுகளுக்கு இது இன்னும் பெரிய விஷயம். இப்போதுள்ள கட்டண முறையில் 500-ஐத் தாண்டிவிட்டால் மேலே போகும் யூனிட்டுகளின் விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கான சலுகை விலையும் போய்விடும்.

2012-ஐ நினைத்துப் பார்க்கிறேன். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத வருடம் அது. கடன் வாங்கி இன்வெர்ட்டர் போட்டவர்கள் உண்டு. அந்த பேட்டரியில் டியூப்லைட் இரண்டு மணி நேரம் எரிந்தது என்றால், பேட்டன் ஐந்து மணி நேரம் எரிந்திருக்கும். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவியாக இருந்திருக்கும்!

அன்றைக்கு எல்.இ.டி. எட்டாத விலையில் இருந்தது. மத்திய அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் 2014 தொடக்கத்தில் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் தொடங்கிக் கோடிக்கணக்கில் வாங்க ஆரம்பித்ததும், 2016-ல் அதே கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. இதுவரை 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் அந்தத் திட்டத்தில் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும் என்பது மளிகைக்கடையில் எல்லோரும் அறிந்ததுதான். ஒரு நாடே அப்படி வாங்கியபோது கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் நல்ல வெளிச்சம் வந்தது. எனக்கு இது உண்மையிலேயே பெருமையான விஷயம்.

பழுதான எல்.இ.டி. பல்பு ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை மூடியை எடுத்தால் உள்ளே வட்டத்தட்டில் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள் இருக்கும். வெள்ளை வெளிச்சம் தரும் பல்புக்குள் மஞ்சள் ஏன்? ஒவ்வொரு பொட்டுக்கு அடியிலும் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பங்கை விழுங்கி மஞ்சளாகக் கக்குகிறது. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலன்யாக் 1962-லேயே காட்டிவிட்டார். நீலம் மட்டும் முப்பது வருடம் வசப்படவில்லை. காலியம் நைட்ரைடு படிகத்தைக் குறையில்லாமல் வளர்க்கப் பலரும் முயன்று கைவிட்டார்கள். ஜப்பானில் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவரும் கைவிடவில்லை. 2014-ன் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. நம் வீட்டு வெளிச்சம் அந்த நீலத்திலிருந்துதான் பிறக்கிறது.

அந்த நீலத்தை மறந்துவிட்டு நான் ஒரு தவறு செய்தேன். எல்லா அறைக்கும் பளீர் வெள்ளையாக, 6500 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருந்ததை வாங்கி மாட்டினேன். அம்மா இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு, “கூடத்துல ராத்திரி உக்கார முடியலடா, கண்ணு கூசுது. தூக்கமும் வரமாட்டேங்குது” என்றாள். நீலம் மிகுந்த வெளிச்சத்தை உடம்பு பகல் என்று எடுத்துக்கொள்கிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போட்ட பிறகு அந்தப் புகார் வரவில்லை.

சமையலறையில் கதை வேறு. அங்கே அம்மாவுக்கு வெளிச்சம் போதவில்லை. உளுந்தில் கல் பார்க்க, கீரையில் புழு பார்க்க, கையில் கத்தி பிடிக்க நிறைய வெளிச்சம் வேண்டும். வயதான கண் வெளிச்சத்துக்கு ஏங்கும். 20 வயதில் விழித்திரைக்குப் போகும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேர்கிறது. அதே கண்ணுக்குக் கூச்சமும் அதிகம். ஆகவே கண்ணுக்கு நேராகத் தெரிகிற பெரிய பல்பு அவளுக்கு உதவாது. மேடைக்கு மேலே, அலமாரியின் அடிப்பக்கத்தில், மறைவாக ஒரு சின்ன பட்டை விளக்கு போட்டோம். இப்போது அரிவாள்மணையில் உட்கார்வதை விட்டுவிட்டு மேடையிலேயே நறுக்குகிறாள்.

நிறத்தையும் கவனியுங்கள். மட்டமான எல்.இ.டி.யில் மிளகாய்த்தூள் செங்கல்பொடி மாதிரி தெரியும், முகம் வெளிறிப்போகும். பட்டுப்புடவைக் கடையில் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்கும் வழக்கம் எதற்காகவோ, அதே காரணம்தான். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை சி.ஆர்.ஐ. என்ற எண்ணில் குறிப்பார்கள். 80-க்குக் கீழே வேண்டாம். சமையலறைக்கும் கண்ணாடி முன்னாலும் 90 கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம்.

கடையில் “எத்தனை வாட்?” என்று கேட்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். வாட் செலவைச் சொல்லும். வெளிச்சத்தைச் சொல்வது லூமன். 60 வாட் குண்டு பல்பு தந்தது சுமார் 700 லூமன். நல்ல 9 வாட் எல்.இ.டி. 900 வரை தருகிறது. பெட்டியில் லூமன் எண், நட்சத்திர முத்திரை, பி.ஐ.எஸ். பதிவு எண் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். கடையில் எரியவிட்டு, கைபேசிக் கேமரா வழியாகப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அந்த பல்பு கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் படிக்கும் மேசைக்கு அது ஆகாது.

“25,000 மணி நேரம்னு போட்டிருக்கு, ஆறு மாசத்துல போயிடுச்சே” என்று குறைப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் கோபம் நியாயமானது. பெரும்பாலும் போவது சில்லு அல்ல, அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர். அதன் எதிரி சூடு. காற்றோட்டமில்லாத கண்ணாடிக் கூண்டுக்குள் எல்.இ.டி. பல்பை மாட்டினால் ஆயுள் குறைந்துவிடும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் 4 கிலோவோல்ட் சர்ஜ் தாங்கும் என்று போட்டிருப்பதை வாங்குவது நல்லது. வாங்கிய பில்லையும் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதம் எழுத்தில் இருந்தும் பில் இல்லாததால் பலர் நஷ்டப்படுகிறார்கள்.

கழற்றிய டியூப்லைட்டையும் சுருள் சி.எஃப்.எல். பல்புகளையும் குப்பைத் தொட்டியில் வீசி உடைக்காதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது, அள்ளுகிற தூய்மைப் பணியாளர்தான் அதைச் சுவாசிப்பார். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டில் உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவைத்து, கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு, துடைப்பத்தால் கூட்டாமல் அட்டையால் வழித்து எடுங்கள்.

குண்டு பல்பில் பாதரசம் கிடையாது. பரணில் அப்பா செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த ஆறு 60 வாட் பல்புகள் கிடைத்தன. அதில் இரண்டைப் பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக்கொண்டார். அவர் கோழிக்குஞ்சு வளர்க்கிறார். குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் ஒளியாவது நூற்றுக்கு ஐந்து பங்குதான், மற்றதெல்லாம் சூடு. குஞ்சுகளுக்கு அந்தச் சூடு வேண்டும். எல்.இ.டி.யால் அதைக் கொடுக்க முடியாது. கூடையைக் கவிழ்த்து, உள்ளே பல்பைத் தொங்கவிட்டிருந்தார். குஞ்சுகள் அதன் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன.

மீதி நான்கும் அதே செய்தித்தாளில் பரணில் இருக்கின்றன. அவற்றை எடுக்க அம்மா விடவில்லை.