வைத்தியசாலை வாசலில் மறைக்கலாமா?



வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கிறோம். "எத்தனை நாளாகக் காய்ச்சல்? எங்கே போய் வந்தீர்கள்? வீட்டில் வேறு யாருக்கும் சுகமில்லையா?" என்று தாதி கேட்கிறார். "ஒன்றுமில்லை, இன்றுதான் வந்தது" என்று சொல்லிவிடுகிறோம். சின்னப் பொய்தானே என்று நினைக்கிறோம். அந்தப் பொய் யாரைப் போய்ச் சேரும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

யாழ் நகரிலிருந்து பருத்தித்துறை வீதியில் கோப்பாய், நீர்வேலி கடந்தால் புத்தூர். மெதடிஸ்த திருச்சபையினர் நிறுவிய பழைய வைத்தியசாலை அங்கே உண்டு. நோய் கடுமையானால் அவ்வூரார் நாடுவது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையைத்தான். 2020 மார்ச் 15இல் அரியாலையில் ஆராதனை நடத்திய வெளிநாட்டுப் போதகர் ஒருவருக்குக் கொரோனா என்பது பின்னரே தெரிய வந்தது. கூடியிருந்தவர்கள் எதையும் அறியாதவர்கள். மார்ச் 22இல் யாழ் மாவட்டத்தின் முதல் நோயாளி அடையாளம் காணப்பட்டார். குடாநாடு ஊரடங்கில் முடங்கியது. புத்தூர் முதல் யாழ் நகர் வரை எல்லோரும் கதவடைத்திருந்த அந்நாட்களிலும் தாதியரும் சிற்றூழியரும் வேலைக்குப் போனார்கள்.

அவர்களுக்கு ஆபத்து ஏன் அதிகம்? அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே இந்நோய் பிறருக்குப் பரவக்கூடும். சளியை உறிஞ்சி எடுக்கும்போதும், மூச்சுக்குழாய் பொருத்தும்போதும் நோயாளியின் மூச்சு மிக அருகில் படுகிறது. பாதுகாப்பு உடையைக் கழற்றும் வேளையில் கை தவறினாலும் போதும். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் சுமார் 1,15,000 சுகாதாரப் பணியாளர் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் நாட்டில் தடுப்பூசி 2021 ஜனவரி 29இல் தொடங்கியது. நான்கே நாளில், பெப்ரவரி 2இல், ராகம வைத்தியசாலையில் பணியாற்றிய வைத்தியர் கயான் தந்தநாராயண 32 வயதில் உயிரிழந்தார்.

ஷாமில் கொள்ளைநோய் பரவியதைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள் வழியிலிருந்தே திரும்பினார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். அபூ உபைதா (ரலி) அவர்களோ தம் மக்களை விட்டு வராமல் அங்கேயே இருந்து, ஹிஜ்ரி 18இல் அந்நோயிலேயே வஃபாத்தானார்கள். விலகி நிற்க முடிந்தவர் விலக வேண்டும். பொறுப்புள்ளவர் நிற்க வேண்டும். இன்று நமக்காக நிற்பவர்கள் இந்த வைத்தியசாலை ஊழியர்களே. நபிகளாரின் பள்ளியில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டோரைக் கவனித்த ருஃபைதா (ரலி) அவர்களும் ஒரு பெண்மணிதான் என்பதை மறக்கலாமா?

சகோதரிகளே, ஓர் உண்மையை ஒளிக்காமல் பேசுவோம். 2020இல் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அந்தப் பயத்தில் நம்மவர் சிலர் வைத்தியசாலைக்குப் போகவே அஞ்சினர். அந்த வேதனை நியாயமானது. ஆனால் அந்தச் சட்டத்தைப் போட்டவர் தாதியல்ல. நாம் மறைத்த காய்ச்சலைத் தன் பிள்ளைகளிடம் சுமந்து செல்பவரோ அவர்தான்.

ஆகவே, கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள், அது அமானத். இருமல் இருந்தால் முகக்கவசம் அணிந்தே செல்லுங்கள். சவர்க்காரமிட்டு இருபது விநாடியாவது கை கழுவுங்கள். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். குடும்பத்தோடு திரண்டு போய் வார்டை நிரப்புவது சுன்னத் அல்ல. தொலைபேசியில் விசாரியுங்கள், வீட்டிலிருந்து துஆ கேளுங்கள். உங்கள் தெருவில் ஒரு தாதியோ துப்புரவுத் தொழிலாளியோ இருந்தால், நோய் கொண்டுவருவார் என்று முகம் திருப்பாதீர்கள். ஒரு நேரச் சோறு சமைத்து அனுப்புங்கள்.

பிறர் உயிரைப் பேணுவோராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.