ராத்திரி கரகம், காலையில் மில் வேன்: கரகாட்டக் கலைஞர்களுக்கு ஏன் ஒரே வேலை போதவில்லை?

மாசி, பங்குனி வந்துட்டா திண்டுக்கல் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் மேளச் சத்தம்தான். மேடையில் தலையில் கரகத்தோடு ஒரு பெண் சுழன்று ஆட, ஊரே போனைத் தூக்கி வீடியோ எடுக்கும். அந்த வீடியோ வைரலாகும். ஆனால் சீசன் முடிந்த பிறகு அந்தக் கலைஞர் எங்கே போகிறார் என்று யோசித்திருக்கிறோமா?

பல பேர் போவது நூற்பாலைக்கு. சிலர் ஜவுளிக்கடைக்கு. சிலர் 100 நாள் வேலைக்கு. வருஷத்துக்கு மூணு வேலை பார்த்தும் ஒரு வேலையின் பலனும் முழுசாகக் கைக்கு வருவதில்லை. ஏன் இப்படி? வடமதுரை வட்டாரத்தை வைத்துப் பார்ப்போம்.

கரகாட்ட 'செட்' எப்படி இயங்குகிறது?

முதலில் ஒரு அடிப்படை. கரகத்தில் இரண்டு வகை உண்டு. கோயில் சடங்காக, விரதம் இருந்து எடுப்பது சக்தி கரகம். மேடையிலும் வீதியிலும் கலை நிகழ்ச்சியாக ஆடுவது ஆட்டக் கரகம். 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தில் நாம் பார்த்தது இரண்டாவது வகை.

ஆட்டக் கரகம் தனி ஆள் வேலை இல்லை. நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி என்று நையாண்டி மேளக்காரர்கள், கரகம் எடுக்கும் பெண்கள், இடையில் சிரிக்க வைக்கும் கோமாளி எல்லாரும் சேர்ந்தது ஒரு 'செட்'. ஊர் விழாக் கமிட்டி, செட் நடத்துபவரிடம் மொத்தமாக ஒரு தொகை பேசி அட்வான்ஸ் கொடுக்கும். அவர் வண்டி வாடகை, சாப்பாடு, மேக்கப் செலவு எல்லாம் போக மீதியை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பேச்சு பெரும்பாலும் வாய்ப் பேச்சு, கொடுப்பது ரொக்கம். ஆடும் கலைஞர் கையில் சம்பளச் சீட்டு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. ஊரே பார்த்த வேலைக்கு ஒரு தாள்கூட இல்லை. பின்னால் வரும் பாதிச் சிக்கலுக்கு இதுதான் வேர்.

வருஷத்தில் எத்தனை மாதம் ஆட்டம்?

தென் மாவட்டங்களில் ஆட்டத்துக்கான காலண்டர் அம்மன் கோயில் காலண்டர்தான். மாசியில் திண்டுக்கல் கோட்டை மாரியம்மன், நத்தம் மாரியம்மன் கோயில் திருவிழாக்கள் தொடங்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் கிராமம் கிராமமாகக் காப்புக் கட்டு, முளைப்பாரி, அக்கினிச் சட்டி என்று தொடரும். பிறகு ஆடியில் இன்னொரு சுற்று. வடமதுரை சௌந்தரராஜப் பெருமாள் கோயில் தேரும் ஆடியில்தான்.

அதற்குப் பிறகு? ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மார்கழியில் ஊர்த் திருவிழாக்கள் பெரும்பாலும் இருக்காது. தையில் பொங்கலை ஒட்டிச் சில நிகழ்ச்சிகள் வரும். ஆக, நல்ல வரும்படி உள்ள மாதங்கள் வருஷத்தில் பாதிக்கும் குறைவு. வாடகை, பால், பிள்ளைகள் படிப்பு எல்லாத்துக்கும் 12 மாதமும் பணம் வேணும்.

சீசனிலேயும் தடை வருமா?

வரும். மூன்று விதமான தடைகள்.

ஒன்று, நேரம். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்காக நள்ளிரவு 12 வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் முடியாது. அதனால் விடிய விடிய நடந்த ஆட்டம் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. பல ஊர்களில் போலீஸ் அனுமதியே பெரிய போராட்டம். ஆடல் பாடலுக்கும் கரகாட்டத்துக்கும் அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு சீசன்தோறும் மனுக்கள் போகின்றன. ஆபாசம் கூடாது, சாதி, மத மோதலைத் தூண்டும் பாட்டு கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கும். அனுமதி கிடைக்காத ராத்திரிக்குச் சம்பளமும் இல்லை.

இரண்டு, தேர்தல். 2019-ல் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 18. 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6. 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19. மூன்றுமே பங்குனி, சித்திரை சீசனில் வந்தவை. நடத்தை விதி அமலில் இருந்தால் அனுமதி இன்னும் கடினம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். முழு செட்டின் சம்பளத்தையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டு ராத்திரியில் வேனில் திரும்புபவரிடம் என்ன ரசீது இருக்கும்?

மூன்று, எதிர்பாராத அடி. 2020 மார்ச் 24 நள்ளிரவில் நாடு முழுக்க ஊரடங்கு. அது பங்குனி மாதம். 2021-ல் இரண்டாவது அலை, மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. அது சித்திரை. அடுத்தடுத்து இரண்டு சீசன் போனது. மற்ற தொழிலில் இரண்டு மாதம் மூடினால் இரண்டு மாத வருமானம் போகும். கரகாட்டத்தில் அந்த இரண்டு மாதம் போனால் கிட்டத்தட்ட வருஷமே போன மாதிரி.

மீதி மாதங்களில் என்ன வேலை?

திண்டுக்கல்லில் இருந்து திருச்சி போகும் வழியில் இருக்கிறது வடமதுரை. வடமதுரை, வேடசந்தூர் சுற்றுவட்டாரம் நூற்பாலைகளுக்குப் பேர் போனது. காலையில் ரோட்டோரம் நின்றால் கிராமங்களுக்குள் ஆள் ஏற்றப் போகும் மில் வேன்களைப் பார்க்கலாம். இளம் பெண்களுக்குச் சட்டென்று கிடைக்கும் மாதச் சம்பள வேலை இதுதான்.

அடுத்தது 100 நாள் வேலை. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு இதற்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். 100 நாளும் முழுசாக வேலை கிடைத்தால் 33,600 ரூபாய். 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,800. அதுவும் ஆளுக்கு இல்லை, அந்த ஆண்டு குடும்பத்துக்கே 100 நாள்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. இது கிராம ஊராட்சிகளுக்கான திட்டம். வடமதுரை ஒன்றியத்து கிராமங்களில் இருப்பவர்களுக்கு உண்டு, வடமதுரை பேரூராட்சிக்குள் குடியிருப்பவர்களுக்குக் கிடையாது. 2023 ஜனவரி 1 முதல் பணியிடத்தில் செயலி மூலம் ஒரு நாளில் இரண்டு முறை போட்டோ எடுத்து வருகைப் பதிவு செய்வதும் கட்டாயமானது. முதல் நாள் ராத்திரி வெளியூரில் ஆடிவிட்டு விடியக் காலையில் வீடு திரும்பியவருக்கு, அந்தக் காலை போட்டோ எவ்வளவு கஷ்டம் என்று சொல்லவே வேண்டாம்.

ஆட்டத்தை விடாமல் சம்பாதிக்கவும் சில வழிகள் வந்திருக்கின்றன. திண்டுக்கல், மதுரை, கோவை மண்டபங்களில் கல்யாண வரவேற்புக்கு ஆடுவது ஒன்று. பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது இன்னொன்று. 2022-ல் அரசுப் பள்ளிகளில் 'கலைத் திருவிழா' போட்டிகள் தொடங்கிய பிறகு, நாட்டுப்புற ஆட்டம் சொல்லித்தர ஆள் தேடும் பள்ளிகள் கூடியிருக்கின்றன. சென்னையில் பொங்கலை ஒட்டி நடக்கும் 'சங்கமம் - நம்ம ஊரு திருவிழா' மாதிரியான அரசு மேடைகளும் உண்டு. எல்லாமே நல்ல வாய்ப்புதான். ஆனால் எல்லாமே சில நாள் வேலை.

மூணு வேலை பார்த்தால் மூணு மடங்கு பாதுகாப்பு இல்லையா?

இங்கேதான் முக்கியமான சிக்கல். மில்லில் சேர்ந்தால் பி.எஃப், இ.எஸ்.ஐ பிடிப்பார்கள். அப்போ நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டும் வருஷம் முழுக்க ஒரே இடத்தில் வேலை பார்ப்பவரை நினைத்துப் போட்ட கணக்கு.

இ.எஸ்.ஐ வருஷத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு பாதி, அக்டோபர் முதல் மார்ச் இன்னொரு பாதி. உடம்பு சரியில்லாமல் லீவு போடும்போது 70 சதவீதச் சம்பளம் கிடைக்க வேண்டுமானால், அந்தந்தப் பாதியில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். இப்போ ஆட்டக் காலண்டரை இதன் மேல் வைத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசி, ஆடி மூன்றும் ஏப்ரல் - செப்டம்பர் பாதிக்குள் வருகின்றன. சீசனுக்காக மில்லில் இருந்து நின்றவருக்கு 78 நாள் சேருவது கஷ்டம். சேராவிட்டால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை காய்ச்சலோ கால் சுளுக்கோ வந்தால் அந்தப் பணம் வராது. கால் சுளுக்கும் வாய்ப்பு அதிகமுள்ள பங்குனி, சித்திரை அந்த ஆறு மாதத்தில்தான் இருக்கிறது!

பி.எஃப் பென்ஷனுக்கு மொத்தம் 10 வருஷ சர்வீஸ் வேண்டும். ஒரே மில்லாக இருக்க வேண்டியதில்லை, விட்டு விட்டுப் பார்த்த வேலையையும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறை வேலையை விடும்போதும் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், அதுவரை சேர்ந்த சர்வீஸ் பூஜ்யமாகிவிடும். பணம் இல்லாத மார்கழியில் அதைத்தான் முதலில் எடுக்கத் தோன்றும்.

ஆட்டத்துக்குச் சந்தாவே கிடையாது என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. 18 வயதில் ஆட வந்தவர் 35 வயதில் முட்டி வலியால் நிறுத்தினால், அந்த 17 வருஷ உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

அரசு என்ன செய்கிறது?

கலை பண்பாட்டுத் துறையின் கீழ் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இயங்குகிறது. 18 முதல் 60 வயது வரை உள்ள கலைஞர்கள் உறுப்பினர் ஆகலாம். கல்வி, திருமணம், மகப்பேறு, கண் கண்ணாடி, விபத்து மரணம் ஆகியவற்றுக்கு நிதியுதவி உண்டு. கொரோனா காலத்தில் அரசு நிவாரணம் தந்தபோது கைகொடுத்ததும் இந்த வாரியப் பதிவுதான். 

வயதாகி நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாத உதவித்தொகை இருக்கிறது. மாவட்ட அளவில் விருதுகளும் உண்டு. 19 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்குக் 'கலை வளர்மணி'.

தேசிய கவனமும் கூடியிருக்கிறது. வள்ளி ஒயில் கும்மிக்காக கோவை மாவட்டத்தின் பத்ரப்பனுக்கு 2024-லும், பறையிசைக்காக மதுரை வேலு ஆசானுக்கு 2025-லும் பத்மஸ்ரீ கிடைத்தது. பெருமையான விஷயம். ஆனால் 22 வயதில் சீசனுக்கும் ஷிஃப்ட்டுக்கும் நடுவில் ஓடுபவருக்கு, மழை மாதத்தில் வருமானம் தரும் திட்டம் என்று எதுவும் இதில் இல்லை.

வேறு எங்காவது வழி கண்டிருக்கிறார்களா?

பிரான்ஸில் ஒரு முறை இருக்கிறது. மேடைக் கலைஞர்கள் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டினால், நிகழ்ச்சி இல்லாத நாட்களுக்கு வேலையின்மை உதவித்தொகை கிடைக்கும். எத்தனை முதலாளியிடம் வேலை பார்த்தாலும் மணிக்கணக்கைக் கூட்டிக்கொள்ளலாம்.

நம்ம கணக்கில் சொன்னால், ஒரு நிகழ்ச்சிக்குப் பயணம், ஒப்பனை உட்பட 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் 85 நிகழ்ச்சி. அங்கே அந்தக் கணக்கு நடப்பதற்குக் காரணம், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பதிவு இருக்கிறது. இங்கே தடுக்கி விழுவதே அந்த முதல் படியில்தான்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ ஆட்டக் கலைஞராக இருந்தால், இந்த 5 விஷயம் உதவும்.

1. நல வாரியத்தில் பதியுங்கள். திண்டுக்கல் மாவட்டத்துக்கு மதுரை மண்டல கலை பண்பாட்டு மையத்தை அணுகலாம். ஏற்கெனவே அட்டை இருந்தால் புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. மில் மாறினாலும் பி.எஃப் கணக்கின் யு.ஏ.என் எண் ஒன்றே இருக்கட்டும். புதிய இடத்தில் பழைய எண்ணையே கொடுங்கள். பென்ஷன் பங்கை எடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

3. மில்லில் இருந்து நிற்கும் முன் அந்த அரையாண்டில் இ.எஸ்.ஐ நாட்கள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். 78-க்குச் சில நாளே குறைவு என்றால், முடித்துவிட்டு நிற்பது லாபம்.

4. பி.எஃப், இ.எஸ்.ஐ இல்லாதவர்கள், 16 முதல் 59 வயதுக்குள் இருந்தால், இ-ஷ்ரம் தளத்தில் பதியலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தப் பதிவு இலவசம்.

5. ஒவ்வொரு நிகழ்ச்சியின் நோட்டீஸ், போட்டோ, தேதி, ஊர், வாங்கிய தொகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள். முடிந்தால் சம்பளத்தைப் போன் மூலம் வங்கிக் கணக்கில் வாங்குங்கள். நாளைக்குக் கடனுக்கோ விருதுக்கோ விண்ணப்பிக்கும்போது இதுதான் ஆதாரம்.

விழாக் கமிட்டியில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மைக் செட், பந்தல், வாணவேடிக்கை எல்லாவற்றுக்கும் பில் வாங்கி வரவு செலவில் ஒட்டுகிறோம். ஆடியவர் பெயர், தேதி, தொகை போட்டு ஒரு ரசீது எழுதி, அதன் நகலை அவர் கையிலும் கொடுத்தால் செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது. இந்த ஆடிக்கே எந்த ஊர் வேண்டுமானாலும் இதைத் தொடங்கலாம்.