நடுக்கத்திற்கும் மனச்சோர்வுக்கும் மருந்து: இருவரிடமும் காட்டுங்கள்

“நடுக்கத்திற்கே இத்தனை மாத்திரை, மனத்திற்கும் வேண்டுமா?” எனக் குடும்பத்தார் எங்களிடம் கேட்பதுண்டு. பார்க்கின்சன் நோயில் மனச்சோர்வும் நோயின் ஒரு பகுதியே; மனவலிமைக் குறைவன்று. மருந்தால் அது தணியும்.

ஆயினும் பக்கவிளைவுகளை அறிந்திருத்தல் நன்று. செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் ஆகியவற்றால் தொடக்கத்தில் குமட்டல் வரலாம்; சிலருக்கு நடுக்கம் கூடலாம்; முதியோருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம் நேரலாம். அமிட்ரிப்டிலின் மலச்சிக்கல், சிறுநீர்த் தடை, மறதி ஆகியவற்றைத் தரலாம். எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து விழவும் கூடும்.

செலிஜிலின் அல்லது ரசாஜிலின் உட்கொள்வோர் கூடுதல் கவனம் கொள்க. இவற்றோடு மனச்சோர்வு மருந்து சேரும்போது, அரிதாகக் காய்ச்சல், மிகுந்த வியர்வை, தசை விறைப்பு, பதற்றம் தோன்றலாம். உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். சில இருமல் மருந்துகளும் இவற்றோடு ஒவ்வா.

பொன்னேரியிலிருந்து சென்னைக்கு ரயிலேறி நரம்பியல் மருத்துவரைக் காண்போர், மனநல மருத்துவரை வேறிடத்தில் காணக்கூடும். ஒருவர் எழுதிய மருந்து மற்றவருக்குத் தெரியாமற் போகலாம். ஆகவே எல்லா மருந்துகளையும் ஒரே பையில் இட்டு இருவரிடமும் காட்டுங்கள். தொல்லை தோன்றினால் எங்களிடம் கூறுங்கள். மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்த வேண்டா என வேண்டுகிறோம்.