உங்கள் வாக்கு எந்தக் கல்விச்சபைக்கு?

2022 ஒக்ரோபர் 24, திங்கட்கிழமை, ரொறன்ரோ மாநகரசபைத் தேர்தல் நடந்தது. தீபாவளியும் அன்றுதான். மேயர் பற்றியோ கவுன்சிலர் பற்றியோ வாசகர்களுக்குப் பெரிய குழப்பம் இருக்கவில்லை. எங்களுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாக்குச்சீட்டின் மூன்றாவது பகுதியைப் பற்றியவை. மகள் கத்தோலிக்க உயர்பள்ளியில் படிக்கிறாள், எனக்கு ஏன் வேறு சபையின் வேட்பாளர்களைக் காட்டுகிறார்கள் என்று ஒரு தந்தை கேட்டிருந்தார். ஒரே வீட்டில் இருக்கும் கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு சபை எப்படி வந்தது என்பது இன்னொருவரின் கேள்வி. பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள், இனி எனக்கு இதில் என்ன என்று கேட்கும் பெரியவர்களும் பலர்.

எல்லாக் கேள்விக்கும் வேர் ஒன்றுதான். ரொறன்ரோவில் அரச பணத்தில் நடக்கும் கல்விச்சபைகள் நான்கு. ஆங்கிலப் பொதுச்சபை (ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபை), ஆங்கிலக் கத்தோலிக்கச் சபை, வியமோந்த் என்ற பிரெஞ்சுப் பொதுச்சபை, மோனவெனிர் என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சபை. ஒருவருக்கு இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே வாக்கு. எந்தச் சபை என்பதை உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி முடிவு செய்வதில்லை. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரோடு ‘பள்ளி ஆதரவு’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்புத்தான் உங்கள் கைக்கு வரும் வாக்குச்சீட்டைத் தீர்மானிக்கிறது. 2022 தேர்தலின்போது அதை வைத்திருந்தது வீடுகளுக்கு வரி மதிப்புப் போடும் எம்பாக் நிறுவனம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் உங்கள் பெயர் ஆங்கிலப் பொதுச்சபையின் பக்கம் விழும்.

வாக்காளர் பட்டியலின் விபரத்தை ஏன் வீட்டு வரி மதிப்பிடும் நிறுவனம் வைத்திருந்தது? மாநகரசபையின் அறிவித்தல்கள் இதற்கு விளக்கம் தரவில்லை. ‘உங்கள் பள்ளி ஆதரவைச் சரிபாருங்கள்’ என்று சொல்வதோடு நின்றுவிட்டன. இந்த ஏற்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். வாசகர்களின் குழப்பம் இதிலிருந்துதான் பிறக்கிறது, எனக்குக் கவலை தருவதும் இதுவே.

1998க்கு முன்னர் ரொறன்ரோவின் பள்ளிகள் பெருமளவுக்கு உள்ளூர் வீட்டு வரியிலும் வணிக வரியிலும் நடந்தன. கல்விச்சபையே தனக்கு வேண்டிய வரி வீதத்தைத் தீர்மானித்தது. ஆகவே பள்ளி ஆதரவு என்ற சொல்லுக்கு அப்போது நேரடியான பொருள் இருந்தது. கத்தோலிக்கச் சபையை ஆதரிக்கிறேன் என்று எழுதினால் உங்கள் கல்வி வரி அந்தச் சபைக்குப் போகும். வரி அங்கே போவதால் வாக்கும் அங்கே. வரியைக் கூட்டிய உறுப்பினரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். பணம், வாக்கு, பொறுப்பு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

1997இல் மைக் ஹரிஸ் தலைமையிலான ஒன்ராறியோ மாகாண அரசாங்கம் சட்டமூலம் 160ஐக் கொண்டுவந்தது. மாகாணம் முழுவதும் ஆசிரியர்கள் இரண்டு வாரம் வேலையை நிறுத்தி வீதியில் நின்றது அதை எதிர்த்துத்தான். அந்தச் சட்டம் கல்விச்சபைகளிடமிருந்து வரி விதிக்கும் அதிகாரத்தை எடுத்து மாகாண நிதி அமைச்சரிடம் கொடுத்தது. அன்றிலிருந்து கல்வி வரி வீதத்தை குயின்ஸ் பார்க் எனப்படும் மாகாண அரசுதான் அறிவிக்கிறது. 2022இல் குடியிருப்பு வீடுகளுக்கு அது நூற்றுக்கு 0.153 ஆக இருந்தது. உங்கள் வீட்டு வரிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மாநகரசபைக்கான வரியோடு கல்விக்கென்று தனியாக ஒரு வரி இருக்கும். வீட்டின் வரி மதிப்பு 500,000 டொலர் என்றால், 2022 வீதப்படி அந்த வரியில் 765 டொலர் நிற்கும். நீங்கள் பொதுச்சபையை ஆதரித்தாலும் கத்தோலிக்கச் சபையை ஆதரித்தாலும் அதே 765தான்.

அந்தப் பணம் எங்கே போகிறது? நகரசபை அதை வசூலித்து, உங்கள் பெயரோடு உள்ள குறிப்பைப் பார்த்து, அந்தச் சபைக்கே அனுப்புகிறது. இதுவரை பழைய முறை மாறாதது போலத்தான் தெரியும். ஆனால் ஒரு சபைக்கு அந்த ஆண்டு மொத்தம் எவ்வளவு கிடைக்க வேண்டும் என்பதை மாணவர் எண்ணிக்கையையும் இன்னும் சில கணக்குகளையும் வைத்து மாகாணம் முன்பே முடிவு செய்திருக்கும். வீட்டு வரியாகச் சபைக்கு வந்த தொகையை அந்த மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் மானியமாகக் கொடுக்கும். நாளைக்கே ஆயிரம் குடும்பங்கள் பொதுச்சபையை விட்டுக் கத்தோலிக்கச் சபைக்கு ஆதரவை மாற்றினாலும் கத்தோலிக்கச் சபைக்கு வரியாகக் கூடுவது மானியத்தில் குறையும், பொதுச்சபைக்கு வரியாகக் குறைவது மானியத்தில் கூடும். இரு சபைகளுக்கும் ஒரு சதம்கூட மாறாது.

ஆகவே பள்ளி ஆதரவு என்ற பெயரில் இன்று ஆதரவு எதுவும் இல்லை. வாக்காளரைப் பிரிக்கும் வேலை மட்டும்தான் அதில் மிஞ்சியிருக்கிறது. பணத்துக்காக வரைந்த கோடு, பணம் போன பிறகும் வாக்கைப் பிரித்துக்கொண்டு நிற்கிறது. கல்விச்சபை உறுப்பினர் ‘உங்கள் வரிப் பணத்துக்குப் பொறுப்பானவர்’ என்று துண்டுப்பிரசுரங்களில் படித்தால் இதை நினைவில் வையுங்கள். கொடுக்கப்பட்ட பணத்தைச் செலவழிப்பதற்கு அவர் பொறுப்பு. எவ்வளவு பணம் என்பதில் அவருக்குச் சொல் இல்லை.

யார் எந்தப் பக்கம் போகலாம் என்பதிலும் சட்டம் இறுக்கமானது. ஆங்கிலக் கத்தோலிக்கச் சபைக்கு வாக்களிக்க நீங்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். கிழக்கு வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்கர்களும் இதில் அடங்குவர். கிறிஸ்தவர் என்றால் போதும் என்று நம் மக்களில் பலர் எண்ணுகிறார்கள், அது சரியல்ல. யாழ்ப்பாணத்தில் தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவருக்கும், அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே சபையினருக்கும் பொதுச்சபை வாக்குத்தான். கத்தோலிக்கர் விரும்பினால் பொதுச்சபையைத் தெரிவு செய்யலாம். மற்றவர்களுக்கு மறுபக்கம் போக வழி இல்லை. கணவன் கத்தோலிக்கர், மனைவி இந்து என்றால் ஒரே சமையலறை மேசையில் இரண்டு சபைகளின் பிரசுரங்கள் கிடப்பது இதனால்தான்.

அந்தத் தந்தையின் கேள்விக்கு இப்போது வரலாம். 1980களின் நடுவில் கத்தோலிக்க உயர்பள்ளிகளுக்கு மாகாணம் முழுப் பணமும் கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றின் கதவை எல்லா மதத்தவருக்கும் திறந்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. அதனால்தான் ஸ்காபரோவில் மேரி வார்ட் போன்ற பள்ளிகளில் இந்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெற்றோர் எழுத்தில் கேட்டால் சமயப் பாடத்திலிருந்தும் விலக்குப் பெறலாம். ஆனால் கதவைத் திறந்தவர்கள் வாக்கைத் திறக்கவில்லை. மகளின் பள்ளி எந்த நேரத்துக்குத் தொடங்கும், பேருந்து ஓடுமா என்பதை எல்லாம் முடிவு செய்யும் சபையில் அந்தத் தந்தைக்கு வாக்கில்லை. அந்தப் பள்ளியின் வாசலை மிதிக்காத, பிள்ளையே இல்லாத ஒரு கத்தோலிக்கருக்கு உண்டு. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கான பாதுகாப்பு 1867இன் அரசியலமைப்புச் சட்டம் 93ஆம் பிரிவில் இருக்கிறது என்பதே அரசின் வழமையான பதில். கியூபெக்கும் நியூஃபவுண்ட்லாந்தும் 1990களின் இறுதியில் அரசியலமைப்பைத் திருத்தி மதவழிச் சபைகளை நீக்கிவிட்டன. ஒன்ராறியோவில் ஒரு மதத்துக்கு மட்டும் அரச பணம் கொடுப்பது பாகுபாடு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1999இல் வால்ட்மன் வழக்கில் சொன்னது. எதுவும் மாறவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகள் வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய விவாதத்தை இங்கே நான் எடுக்கவில்லை. ஒரு பள்ளி என் பிள்ளையை ஏற்றுக்கொண்டால், அந்தப் பள்ளியை நடத்துபவரைத் தெரிவு செய்யும் உரிமையும் எனக்கு இருக்க வேண்டும். இதைச் செய்ய முடியாதென்றால் அரசு அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

பணம் இல்லாத சபைக்கு ஏன் வாக்களிக்க வேண்டும் என்ற கேள்வி இயல்பானது. பாடத்திட்டம் மாகாணத்தின் கையில். ஆசிரியர் சம்பளத்தின் பெரும்பகுதியும் மாகாண மட்டத்தில்தான் பேசி முடிக்கப்படுகிறது. சபை ஒரு முடிவை எடுத்துவிட்டால், எதிர்த்து வாக்களித்த உறுப்பினரும் அதை நடைமுறைப்படுத்துவதற்குத் துணைநிற்க வேண்டும் என்று கல்விச் சட்டம் சொல்கிறது. 2002இல் வரவுசெலவைச் சமப்படுத்த மறுத்த ரொறன்ரோ பொதுச்சபையின் அதிகாரத்தை மாகாணம் பறித்து ஒரு மேற்பார்வையாளரிடம் கொடுத்தது. 2008இல் கத்தோலிக்கச் சபைக்கும் அது நடந்தது. ‘உள்ளூர் மக்களின் குரல்’ என்று அமைச்சர்கள் பேசும்போது, அந்தக் குரலை நிறுத்தும் விசை எங்கே இருக்கிறது என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் காட்டுகின்றன.

இருந்தாலும் சபைக்கு விடப்பட்டிருக்கும் விடயங்கள் நம் வீடுகளை நேராகத் தொடுபவை. 2022 மே மாதம் பொதுச்சபை எடுத்த முடிவைப் பாருங்கள். கலை, கணிதம், விஞ்ஞானம், விளையாட்டு போன்ற சிறப்புப் பள்ளிகளுக்கும் திட்டங்களுக்கும் அதுவரை நடிப்புத் தேர்வு, படைப்புத் தொகுப்பு, பரீட்சை என்று வடிகட்டினார்கள். 2023 செப்ரெம்பர் சேர்க்கைக்கு ஆர்வம் காட்டும் மாணவர்களிடையே குலுக்கல் என்று முடிவானது. இது நல்லதா கெட்டதா என்பதில் தமிழ்ப் பெற்றோரிடையே கடும் கருத்து வேறுபாடு இருந்தது, இருக்கட்டும். அந்த முடிவை எடுத்தது குயின்ஸ் பார்க் அல்ல, நாம் பெயர் தெரியாமல் விட்டுவிடும் 22 உறுப்பினர்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளும் சபையின் பொறுப்பே. ஒரு மொழிக்கு 25 மாணவரின் பெற்றோர் எழுத்தில் கேட்டால் அனைத்துலக மொழி வகுப்பைச் சபை தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் வகுப்பு எந்தப் பள்ளியில், எந்த நேரத்தில் என்பது சபையின் கையில். எட்டு வயதுப் பிள்ளை பனிக்காலத்தில் இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய இடத்தில் வகுப்பை வைத்தால் விதி இருந்தும் பயனில்லை. ஸ்காபரோவிலிருந்து 2014இல் தெரிவான பார்த்தி கந்தவேளும் 2018இல் தெரிவான யாழினி இராஜகுலசிங்கமும் 2022 தேர்தலின்போது இந்தச் சபையில் இருந்தார்கள். தமிழர் ஒருவர் அங்கே இருப்பது மட்டும் போதாது. வகுப்பு எங்கே என்று அவரிடம் நாம் போய்க் கேட்க வேண்டும்.

இனி மற்றக் கேள்விகள்.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களே? பிள்ளை இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை, உங்கள் வாக்கு உங்களிடமே.

பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்? வீட்டுக்காரருக்கு உள்ள அதே வாக்கு, ஆனால் பட்டியலில் பெயர் விடுபடுவது இவர்களுக்குத்தான் அதிகம். வாக்குச்சாவடியிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

நிரந்தர வதிவுரிமை மட்டும் உள்ளவர்? வாக்கில்லை, கனடியக் குடியுரிமையும் 18 வயதும் வேண்டும்.

பிள்ளை பிரெஞ்ச் இமேர்ஷனில் படிக்கிறது, எனக்குப் பிரெஞ்சுச் சபை வாக்கா? இல்லை, இமேர்ஷன் ஆங்கிலச் சபைகளின் வகுப்பு. பிரெஞ்சுச் சபைகளுக்கு வாக்களிக்க உரிமைச் சாசனத்தின் 23ஆம் பிரிவின் கீழ் தகுதி வேண்டும்.

பாரிஸிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர்? கனடாவில் உங்கள் பிள்ளை பிரெஞ்சு மொழிப் பள்ளியில் படித்தால் அந்தத் தகுதி உண்டு.

பள்ளி ஆதரவு தவறாகப் பதிவாகியிருந்தால்? வாக்களிப்பு நாளில் வாக்குச்சாவடியில் சீட்டை வாங்குமுன் சொல்லுங்கள், படிவத்தை நிரப்பித் திருத்தலாம்.

என் கவுன்சிலரின் வட்டாரமும் கல்விச்சபையின் வட்டாரமும் ஏன் வேறு எண்? மாநகரசபைக்கு 25 வட்டாரம், பொதுச்சபைக்கு 22, கத்தோலிக்கச் சபைக்கு 12.

முன்கூட்டிய வாக்களிப்பு? 2022இல் அது ஒக்ரோபர் 14, வெள்ளியோடு முடிந்தது.

2022இல் தீபாவளியன்று கோவிலுக்குப் போக வேண்டியிருந்தவர்களுக்கு? வாக்குச்சாவடி காலை 10 முதல் இரவு 8 மணி வரை திறந்திருந்தது. பெயரும் ரொறன்ரோ முகவரியும் உள்ள ஓர் அடையாளத்தை எடுத்துச் செல்லுங்கள், படம் இருக்க வேண்டியதில்லை.