உங்களுக்குத் தெரியுமா? மேகம் விலகும் இரண்டு நிமிடம்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும். பார்க்கலாம் என்று மொட்டைமாடி ஏறினால், ஐப்பசி கார்த்திகையில் பாதி நாள் சாம்பல் வானம்தான் எதிரே நிற்கும். இந்த ஊரில் சூரியனின் கரும்புள்ளிகளைப் பார்த்துப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இந்த வாரம் சில துணுக்குகள்.

★ கரும்புள்ளி கருப்பே இல்லை. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ். புள்ளியின் நடுப்பகுதி அதைவிட 1,500 முதல் 2,000 டிகிரி வரை குறைவு. அடியிலிருந்து மேலே வரும் வெப்பத்தை அங்குள்ள வலுவான காந்தப்புலம் மறித்துவிடுகிறது. அந்தப் புள்ளியை மட்டும் வெட்டியெடுத்து இரவு வானில் வைத்தால் முழுநிலவு மங்கிப்போகும். பக்கத்தில் இருப்பது சூரியன் என்பதால்தான் அதற்குக் கருப்பு என்ற பெயர்!

★ மேகத்தால் ஏமாந்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஏமாந்தது நம் புதுச்சேரியில்தான். பெயர் குயோம் லெ ஜான்டி, பிரெஞ்சு வானியலாளர். சூரியனின் குறுக்கே வெள்ளிக் கோள் ஊர்ந்து போவதைப் பார்க்க 1760இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று அவர் இருந்தது நடுக்கடலில். ஆடும் கப்பலில் வைத்து எதை அளப்பது? எட்டு வருடம் கழித்து மறுபடி நடக்கும் என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1768இல், மறுபடி பிரெஞ்சு வசமாகியிருந்த புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த ஆளுநர் மாளிகையின் மேல் ஒரு வானாய்வுக்கூடம் கட்டினார். குருசுக்குப்பத்திலிருந்து அந்த இடம் நடக்கும் தூரம்தான். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே நல்லதொரு தொலைநோக்கியை இரவல் கொடுத்தனுப்பினார்கள். மே மாதம் முழுக்க காலைவேளை பளிச்சென்று இருந்தது. 1769 ஜூன் 4 அதிகாலை விழித்துப் பார்த்தால் வானம் முழுக்க மேகம். வெள்ளி கடந்து போய் முடிந்த பிறகு, சாவகாசமாக வெயில் அடித்தது.

கதை அதோடு முடியவில்லை. 1771இல் ஊர் திரும்பினால், ஆள் செத்துவிட்டார் என்று முடிவுகட்டி உறவுக்காரர்கள் சொத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

★ அதே லெ ஜான்டி இங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. புதுவைத் தமிழர் ஒருவர் தாளும் எழுத்தும் இல்லாமல், சோழிகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பார்த்துப் பதிவு செய்தார். 1765 ஆகஸ்ட் 30 கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற கணக்கில் தமிழ் முறை 41 விநாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவில் கொண்டாடப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. சோழிக்குத்தான் வெற்றி.

★ கரும்புள்ளி பார்க்கிறவர்கள் லெ ஜான்டி போல அழ வேண்டியதில்லை. வெள்ளி சில மணி நேரத்தில் போய்விடும். புள்ளியோ சூரியனின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஏறக்குறைய 13 நாள் எடுத்துக்கொள்ளும். பெரிய கூட்டமாக இருந்தால் பின்பக்கம் சுற்றிவிட்டு மறுபடியும் தலைகாட்டும். இன்று மேகம் என்றால் நாளை பார்க்கலாம்.

★ புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் சுழற்சியைக் கண்டுபிடித்தவர் பெரிய விஞ்ஞானி அல்ல, ஜெர்மனியில் மருந்துக்கடை வைத்திருந்த ஹைன்ரிச் ஷ்வாபே. அவர் தேடியது வேறொன்று: புதனுக்கும் உள்ளே ஒரு கோள் இருக்கிறதா என்று. 1826 முதல் வானம் தெளிந்த ஒவ்வொரு நாளும் பார்த்து எழுதி வைத்தார். கோள் கிடைக்கவில்லை, சுழற்சி கிடைத்தது.

★ கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் பின்னால் தாது வருஷப் பஞ்சம் இருக்கிறது. லட்சக்கணக்கில் மக்கள் மாண்ட அந்த நாட்களில், கரும்புள்ளி குறைந்தால் மழை குறையுமோ என்றொரு வாதம் கிளம்பியது. சூரியனைத் தினமும் கவனிக்க இந்தியாவில் ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அதில் வலுப்பெற்றது. மழைக் கணக்கு அவர்கள் நினைத்தபடி கைகூடவில்லை. ஆனால் 1904 முதல் அங்கே வெயில் கிடைத்த நாளெல்லாம் எடுத்த சூரியப் படங்கள் இன்று உலகுக்கே புதையல். புள்ளிக்குள் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909இல் அங்கே கண்டவர் ஜான் எவர்ஷெட். இங்கிலாந்தில் அவரும் பொழுதுபோக்காக வானம் பார்த்தவர்தான்!

★ இப்போதைய கரும்புள்ளிச் சுழற்சியின் உச்சம் 2024 அக்டோபரில் வந்தது. நமக்கு அது அடைமழை மாதம். அடுத்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே கரை கடந்தது. உச்சத்துக்கு நேரம் பார்த்த லட்சணம்!

★ பார்ப்பது எப்படி? பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, ஒரு கண்ணாடியை மூடியால் அடைத்து, மற்றொன்றைச் சூரியன் பக்கம் திருப்புங்கள். பின்னால் அரை மீட்டரில் ஒரு வெள்ளை அட்டை. தினசரி காலண்டர் அட்டையின் முதுகே போதும். எலுமிச்சம்பழ அளவில் சூரியன் விழும். அதில் மிளகுப்பொடி சிதறினாற்போலச் சில புள்ளிகள். பைனாகுலரை லேசாகத் தட்டுங்கள்: சூரியனோடு சேர்ந்து நகர்ந்தால் கரும்புள்ளி, நகராமல் நின்றால் லென்ஸ் தூசு. மேகம் வந்தால் அட்டையின் மேலேயே புகைபோல ஊர்ந்து போவது தெரியும். சில நாள் புள்ளியைவிட அதுதான் அழகு.

★ மெல்லிய மேகம் ஒளியை மங்கவைக்குமே தவிர, புள்ளியை மறைக்காது. படமெடுக்கத் தொலைநோக்கியின் முன்பக்கம் சூரிய வடிகட்டித் தாள் கட்டாயம். கேமராவைத் தானியங்கியில் விட்டால் மேகம் வரும்போதெல்லாம் வெளிச்சக் கணக்கு எகிறும், கையால் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் படம் வேண்டாம், வீடியோ எடுங்கள். இடைவெளி அரை நிமிடம் கிடைத்தாலும் நூற்றுக்கணக்கான படங்கள். நல்லதைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க இலவச மென்பொருள்கள் உண்டு.

★ மேகம் வடிகட்டி ஆகாது. எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், சாணி கரைத்த தண்ணீர் எதுவும் ஆகாது. பைனாகுலர் வழியாகக் கண்ணால் சூரியனைப் பார்த்தால் நொடியில் பார்வை போகும், வலிகூடத் தெரியாது. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு இல்லை. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால், பைனாகுலரை விட்டு நீங்கள் நகரக்கூடாது.

★ பார்த்ததை ஒரு நோட்டில் தேதி, நேரம், எத்தனை கூட்டம், எத்தனை புள்ளி என்று எழுதுங்கள். கூட்டத்தைப் பத்தால் பெருக்கிப் புள்ளிகளைக் கூட்டினால் அன்றைய உங்கள் சூரியப்புள்ளி எண் தயார். ஒன்றுமே தெரியாத நாளிலும் பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். ‘மேகம்’ என்று எழுதி வையுங்கள்.