காயலான் கடைக்கு அனுப்பும் முன்... விரிசல் விட்ட டிராக்டர் இன்ஜினைக் காப்பாற்ற முடியுமா?

நேற்று ஊற்றிய ரேடியேட்டர் தண்ணீர் இன்று பாதிதான் இருக்கிறது. வெளியே ஒழுகிய தடமும் இல்லை. டிப்ஸ்டிக்கை உருவினால், இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வருகிறது. பழைய டிராக்டரை நம்பி உழவுக்குக் காத்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி இது.

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் செலவு குறைவு. பிளாக்கிலேயே விரிசல் என்றால்? ‘எடைக்குப் போட்டுடுங்க’ என்பதுதான் பலருக்கும் கிடைக்கும் முதல் பதில். ஆனால், அது கடைசி பதில் அல்ல.

ஏன் விரிசல் விழுகிறது?

வடசென்னை எர்ணாவூரை அடுத்த எண்ணூர், இன்ஜின்களுக்குப் பேர்போன ஊர். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் ஆலை அங்கேதான் இருக்கிறது. லாரியோ டிராக்டரோ, பழைய இன்ஜின் பிளாக் பெரும்பாலும் வார்ப்பிரும்புதான். பாரம் தாங்கும், ஆனால் வளைந்து கொடுக்காது. கொதிக்கும் இன்ஜினில் சட்டென்று பச்சைத் தண்ணீரை ஊற்றினால், ஒரு பகுதி மட்டும் சுருங்கி வெடிப்பு விழலாம்.

இரும்புக்கும் தையல் உண்டு!

அவசரப்பட்டு வெல்டிங் வைத்தால் இதே சிக்கல்தான். பற்றவைத்த இடம் ஆறும்போது பக்கத்தில் புது விரிசல் ஓடும். அதனால் பிளாக் முழுவதையும் சூடேற்றி, நிக்கல் ராடால் பற்றவைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும்.

சூடே இல்லாத வழி, ‘மெட்டல் ஸ்டிச்சிங்’. விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் இரு முனைகளிலும் துளை போடுவார்கள். பிறகு விரிசல் நெடுக துளையிட்டு, மரை வெட்டி, ஒன்றையொன்று கவ்வும்படி பின்களை முடுக்கி, மேலே தேய்த்துச் சமன்செய்வார்கள்.

கப்பலே பிழைத்தது

1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது, அங்கே முடங்கிக் கிடந்த ஜெர்மன் கப்பல்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை ஜெர்மன் மாலுமிகளே உடைத்துவைத்திருந்தனர். அமெரிக்கர்கள் அவற்றை மின் வெல்டிங்கால் ஒட்டவைத்து, சில மாதங்களில் படைவீரர்களை ஏற்றி அனுப்பினார்கள்.

எதைக் கேட்க வேண்டும்?

‘விரிசல் எங்கே?’ என்பதே முதல் கேள்வி. தண்ணீர் ஓடும் வெளிச்சுவர் என்றால் தைரியமாகச் சரிசெய்யலாம். சிலிண்டருக்குள் என்றால் ஸ்லீவ் போட முடியுமா என்று பார்க்கலாம். கிராங்க் ஷாஃப்ட் உட்காரும் இடம் என்றால் வேறு பிளாக் தேடுவதே நல்லது.

வேலை முடிந்ததும் இன்னொரு கேள்வி: ‘பிரஷர் டெஸ்ட் பார்த்தாச்சா?’ அதைக் கண்ணால் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்!