ஊசி பலித்ததா? ரத்தம் சொல்லும்

"ஊசி போட்டும் மாட்டுக்குக் கோமாரி வந்துவிட்டதே" என்று குறைப்படும் விவசாயிகள் உண்டு. "ஊசி போட்டால் பால் குறைகிறது; இப்போது ரத்தம் வேறு எடுக்க வருகிறார்கள்" என்று மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுகிறவர்களும் உண்டு. இரு சாராருக்கும் பதில் அந்த ரத்தத்திலேதான் இருக்கிறது.

நீலகிரி மக்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. வெறிநாய்க்கடி மருந்துக்குப் பெயர்பெற்ற பாஸ்டர் நிலையம் 1907 முதல் குன்னூரில் இருக்கிறது. நாய்க்கடி ஊசி போட்டவரின் ரத்தநீரில் ஒரு மில்லிக்கு 0.5 சர்வதேச அலகு எதிர்ப்புப் பொருள் இருந்தால் ஊசி பலித்தது என்று கொள்கிறார்கள். மாட்டுக்கும் வழி இதுவே.

என்ன பார்க்கிறார்கள்?

கோமாரித் தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட நோய்க்கிருமி. அதைக் கண்டதும் மாட்டின் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. நம் நாட்டு ஊசி ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகைக் கிருமிகளுக்கும் சேர்த்துத் தயாராகிறது. ஊசி போடுமுன் ஒரு முறையும், போட்டு ஒரு மாதம் கழித்து மறுமுறையும், தேர்ந்தெடுத்த சில மாடுகளின் கழுத்து நரம்பிலிருந்து சில மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். இதனால் மாட்டுக்குக் கெடுதல் இல்லை.

ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரை 'எலைசா' என்னும் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். சிறு குழிகள் கொண்ட தட்டில் நிறம் தோன்றும். கோமாரிச் சோதனையில் நிறம் மங்கினால் எதிர்ப்புப் பொருள் மிகுதி. நிறம் அழுத்தமாக இருந்தால் குறைவு. ஒரு வட்டாரத்தில் பல மாடுகளுக்குக் குறைவாக இருந்தால், அடுத்த சுற்றில் எதைத் திருத்துவது என்று அதிகாரிகளுக்குத் தெரியும்.

பலிக்காதது ஏன்?

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். வெயில் பட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். உறைபனி விழும் ஊட்டியில் இரண்டாவதையும் மறக்கக் கூடாது.

இளங்கன்றுக்குச் சீம்பால் மூலம் தாயின் எதிர்ப்புப் பொருள் வந்திருக்கும். அது ஊசி மருந்தை முறித்துவிடும். ஆகவே நான்கு மாதம் ஆனபின் முதல் ஊசி போட்டு, ஒரு மாதத்தில் மறு ஊசி போட வேண்டும். மறு ஊசியைத் தவறவிட்ட கன்றுக்குப் பாதுகாப்பு நிலைக்காது. வளர்ந்த மாட்டிலும் எதிர்ப்புப் பொருள் நாளடைவில் குறைவதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி அவசியம்.

வெக்கை நோய் ஒழிந்த கதை

மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோயை நம் பெரியவர்கள் அறிவார்கள். இந்தியாவில் அது கடைசியாகக் கண்டது 1995-ல், தமிழ்நாட்டில்தான். நோய் தணிந்ததும் ஊசியை நிறுத்தினார்கள். அதன்பின் பிறந்த மாடுகளின் ரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்புப் பொருள் இல்லை, ஆகவே கிருமியும் இல்லை என்று உறுதி செய்தார்கள். 2006-ல் இந்தியாவும், 2011-ல் உலகமும் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. விவசாயிகள் ரத்தம் எடுக்க இடம் கொடுத்ததால் கிடைத்த வெற்றி இது.

கோமாரிக்கு ஊசியை நிறுத்தாமலே இதை அறிய வழி உண்டு. நோய் வந்து போன மாட்டின் ரத்தத்தில், ஊசி மட்டும் போட்ட மாட்டில் காணாத வேறு எதிர்ப்புப் பொருள்களும் இருக்கும். தனிச் சோதனையில் அது தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியவை

ஹட்டியிலோ, மந்திலோ, எஸ்டேட் லைன் வீட்டிலோ ஒரு மாடு வைத்திருப்பவரும் ஊசி நாளில் அதைக் கட்டி வைக்க வேண்டும். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்த ஊசிக்குக் கட்டணம் இல்லை. ஊசி போட்ட தேதியைக் காதுவில்லையின் 12 இலக்க எண்ணோடு குறித்து வையுங்கள். நோயுற்ற மாடு, நிறைசினை மாடு பற்றி டாக்டரிடம் முன்னதாகச் சொல்லுங்கள். பால் சற்றுக் குறைந்தாலும் சில நாளில் சரியாகிவிடும். கோமாரி கண்டாலோ மடியே கெடலாம், கன்று சாகலாம்.

ஒன்றை மறவாதீர்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தாலும் அடுத்த ஊசியை விடக் கூடாது. ஒரே புல்வெளியில் மேயும் மாடுகளில் ஒன்று விடுபட்டாலும், நோய் நுழைய அந்த ஒரு வாசல் போதும்.